அமெரிக்காவில் உங்கள் ஊருக்குப் புதிய பயணிகள் ரயில்: மாநில அளவில் திட்டமிடலும் பணமும், படிப்படியாக

நகர மன்றத்திலிருந்து வந்தாலும் சரி, பயணிகள் சங்கத்திலிருந்து வந்தாலும் சரி, இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது வரைபடத்தில் கோடு போடுவது. அடுத்து ஃபெடரல் அரசின் கட்டுமான நிதிக்கு மனு எழுதுவது. இரண்டும் தேவைதான். ஆனால் இரண்டுமே பின்னால் வர வேண்டியவை.

தண்டவாளம் யாருடையது? ரயில் ஓடத் தொடங்கிய பிறகு ஆண்டுதோறும் விழும் பற்றாக்குறையை யார் கட்டுவார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காத திட்டங்கள், கட்டுமானப் பணம் முழுசாகக் கைக்கு வந்த பிறகும் செத்திருக்கின்றன. அதனால்தான் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

இங்கே பேசுவது ஏற்கெனவே இருக்கும் சரக்கு ரயில் பாதையில், மணிக்கு 79 மைலிலிருந்து 110 மைல் வரையிலான வேகத்தில், நகரத்துக்கு நகரம் ஓடும் சாதாரண ரயிலைப் பற்றி. அதிவேக ரயிலுக்கு வழி வேறு.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் மாநிலத்தின் கடைசி ரயில் திட்ட ஆவணம். அந்தப் பாதைக்கு முன்பு நடந்த ஆய்வுகள் அத்தனையும், பழையதாக இருந்தாலும். பாதையின் ஒவ்வொரு துண்டும் எந்த நிறுவனத்துடையது, எங்கே ஒற்றைப் பாதை, எங்கே இரட்டைப் பாதை, எங்கே சிக்னல் இல்லை என்ற பட்டியல்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பெட்ரோல் வரிப் பணத்தை ரயிலுக்குச் செலவிட உங்கள் மாநில அரசியல் சாசனம் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ஒஹாயோ, மினசோட்டா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் அந்தப் பணம் சாலைக்கு மட்டும்தான். இது தெரியாமல் நிதித் திட்டம் எழுதினால் முதல் கூட்டத்திலேயே அது விழுந்துவிடும்.

## 1. தூரத்தை அளந்து, பொறுப்பு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2008-ஆம் ஆண்டின் பயணிகள் ரயில் முதலீடு மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தில் 209-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பாஸ்டன் – வாஷிங்டன் முதன்மைப் பாதையைத் தவிர, 750 மைலுக்கு (சுமார் 1,200 கி.மீ.) மேற்படாத ஆம்ட்ராக் (அரசு நிதியில் நாடு முழுக்க ஓடும் பயணிகள் ரயில் நிறுவனம்) தடங்களின் செலவை மாநிலங்களே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். 2013 அக்டோபரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே ஆயிரக்கணக்கான கையெழுத்துகளுடன் ஆம்ட்ராக்குக்கு மனு அனுப்புவது வீண் வேலை. உங்கள் மாநிலத்தை அழைத்து வாருங்கள் என்பதுதான் அவர்கள் சொல்லக்கூடிய பதில். அந்தக் கையெழுத்துகள் போக வேண்டிய இடம் மாநிலச் சட்டமன்றத்தின் போக்குவரத்துக் குழு.

தடம் இரண்டு, மூன்று மாநிலங்களைத் தொட்டால் செலவுப் பங்கீட்டை இப்போதே பேசத் தொடங்குங்கள். சிகாகோ – செயின்ட் பால் இடையே ஓடும் பொரியாலிஸ் ரயிலுக்கு இல்லினாய், விஸ்கான்சின், மினசோட்டா மூன்றும் பணம் தருகின்றன. நியூ ஆர்லியன்ஸ் – மொபீல் ரயிலுக்கு லூசியானாவும் மிசிசிப்பியும் முன்வந்தன, அலபாமா தயங்கியது. கடைசியில் 2024 ஆகஸ்டில் மொபீல் நகர மன்றமே மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 30 லட்சம் டாலர் வரை தர ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஒரு மாநிலம் வராவிட்டால் ஒரு நகரம் வர முடியும். ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும்.

## 2. கையெழுத்துப் போடக்கூடிய அமைப்பு ஒன்றை முன்னிறுத்துங்கள்

ரயில் நிறுவனங்கள் ஆர்வலர் மன்றங்களுடன் ஒப்பந்தம் போடாது. சட்டப்படி இருப்பும் பணமும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் வலுவும் உள்ள அமைப்புதான் எதிர்ப்பக்கத்தில் உட்கார முடியும். ஒரே விபத்துக்கான மொத்த இழப்பீட்டுக்கு 1997-இல் ஃபெடரல் சட்டம் 20 கோடி டாலர் உச்சவரம்பு வைத்தது. விலைவாசிக்கு ஏற்ப அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை உயர்த்தப்படுகிறது. அந்த அளவுக்குக் காப்பீட்டை யார் எடுப்பது என்பதே பேச்சுவார்த்தையின் முதல் பக்கத்தில் வரும்.

பெரும்பாலும் மாநிலப் போக்குவரத்துத் துறையே போதும். ரயிலுக்கென்று தனி ஆணையம் இருந்தால் இன்னும் நல்லது. மெய்ன் மாநிலம் அப்படி ஒன்றை அமைத்து 2001 டிசம்பரில் டவுன்ஈஸ்டர் ரயிலைத் தொடங்கியது. வர்ஜீனியா 2020-இல் தன் பயணிகள் ரயில் ஆணையத்தை உருவாக்கியது. கொலராடோ 2021-இல் ஒரு படி மேலே போய், வாக்காளர் ஒப்புதலுடன் வரி விதிக்கக்கூடிய ரயில் மாவட்டத்தையே சட்டத்தால் அமைத்தது.

என் கருத்தில் தனி ஆணையத்தின் பெரிய பலன், ஆட்கள் மாறாமல் இருப்பது. நெடுஞ்சாலை வேலைகளுக்கு நடுவே ரயிலையும் பார்க்கும் அதிகாரி மாற்றலாகிப் போனால் பேச்சுவார்த்தை ஆரம்ப இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

## 3. மாநில ரயில் திட்டத்தில் தடத்தின் பெயரை ஏற்றுங்கள்

இந்த ஆவணத்தை மாநிலங்கள் நான்காண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஃபெடரல் நிதி கேட்கும்போது, திட்டம் இதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்கும் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். எழுத்தில் கொடுங்கள், இரண்டு முனைகள், இடை ஊர்கள், நாளைக்கு எத்தனை சேவை என்பது போதும். கட்டணமும் நேரமும் இப்போது வேண்டாம்.

## 4. தண்டவாளச் சொந்தக்காரருடன் பேசுங்கள்

வேலையின் கடினமான பகுதி இது. இதைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

ஆம்ட்ராக்குக்குச் சட்டம் இரண்டு முக்கிய உரிமைகளைத் தந்திருக்கிறது. சரக்கு ரயில் பாதையை, தன் வண்டியால் கூடும் செலவை மட்டும் கொடுத்துப் பயன்படுத்தலாம். சரக்கு வண்டியைவிடப் பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை உண்டு. சரக்கு நிறுவனம் கூடுதல் ரயிலை ஏற்க மறுத்தால் ஆம்ட்ராக், ரயில் தகராறுகளைத் தீர்க்கும் ஃபெடரல் அமைப்பான தரைப் போக்குவரத்து வாரியத்திடம் முறையிடலாம். சரக்குப் போக்குவரத்துக்கு நியாயமற்ற அளவில் கெடுதல் வரும் என்று நிரூபிக்கும் பொறுப்பு சரக்கு நிறுவனத்துடையது. இந்த உரிமைகள் ரயிலை நடத்தும் வேறு நிறுவனத்துக்குக் கிடையாது. "ஆம்ட்ராக் வேண்டாம், குறைந்த விலைக்கு வேறு ஆளைப் பிடிக்கலாம்" என்று யோசனை சொல்பவர்கள் கணக்கில் சேர்க்காதது இதைத்தான்.

உரிமை இருக்கிறது என்பதற்காக நேரே வழக்குக்குப் போகாதீர்கள். மெக்சிகோ வளைகுடாக் கரை ரயிலையே பாருங்கள். 2005-இல் கத்ரினா புயலோடு அங்கே பயணிகள் சேவை நின்றது. ஆம்ட்ராக் 2021 மார்ச்சில் வாரியத்துக்குப் போனது. தேவைப்படும் பாதைப் பணிகளுக்கு 40 கோடி டாலருக்கும் மேல் ஆகும் என்றன சரக்கு நிறுவனங்கள்; ஆம்ட்ராக் அதை ஏற்கவில்லை. 2022-இல் நாள்கணக்கில் விசாரணை நடந்து, அந்த ஆண்டு நவம்பரில் சமரசம் ஆனது. 2023-இல் ஃபெடரல் அரசு 17.8 கோடி டாலர் ஒதுக்கியது. ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்ட் 18-இல்.

அந்த இழுபறியின் மையத்தில் இருந்தது கணினி மாதிரி. பாதையில் இன்றைய சரக்கு வண்டிகளோடு புதிய பயணிகள் வண்டியையும் ஓடவிட்டு, எங்கே நெரிசல் வரும், எந்த சைடிங்கை (வண்டி ஒதுங்கி வழிவிடும் பக்கப் பாதை) நீட்ட வேண்டும் என்று ரயில் டிராஃபிக் கன்ட்ரோலர் என்ற மென்பொருளில் பார்ப்பார்கள். விடை, உள்ளே போடும் எண்ணிக்கையைப் பொறுத்தது. இருபது ஆண்டுக்குப் பிந்தைய சரக்கு வளர்ச்சியை நிறுவனம் எவ்வளவு என்று சொல்கிறதோ, அந்த அளவுக்குப் பணி நீளும். அதனால் மாதிரியை ஓட்டுவதற்கு முன்பே மூன்றை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்: இன்றைய சரக்கு வண்டிகளின் எண்ணிக்கை, எதிர்கால வளர்ச்சி விகிதம், எவ்வளவு தாமதம் ஏற்கத்தக்கது என்பதன் அளவு. விடை வந்த பிறகு உள்ளீட்டை மறுத்துப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தண்டவாளத்தில் புதிய வண்டிக்கென்று நேரம் ஒதுக்குவது குறைவாகத் தேவைப்படும் திட்டமே சீக்கிரம் முடியும். பொரியாலிஸ் அப்படித்தான் வந்தது. சிகாகோ – மில்வாக்கி இடையே ஏற்கெனவே ஓடிய ஹையவாதா சேவைகளில் ஒன்றை மேற்கே செயின்ட் பால் வரை நீட்டினார்கள். சிகாகோ பக்கத்து நெரிசலில் புதிதாக ஒரு வண்டியை நுழைக்க வேண்டியிருக்கவில்லை. 2024 மே 21-இல் தொடங்கிய அந்த ரயிலில் முதல் ஆண்டிலேயே 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் பயணம் செய்தார்கள். உங்கள் ஊருக்கு அருகில் வந்து நிற்கும் ரயில் ஏதாவது இருந்தால், புதிய ரயில் கேட்கும் முன் அதை நீட்ட முடியுமா என்று பாருங்கள்.

கையில் பெரிய பணமும் நீண்ட காலப் பார்வையும் இருந்தால் மூன்றாவது வழி, வாங்கிவிடுவது. ஒவ்வொரு புதிய வண்டிக்கும் பிறர் பாதையில் பணம் கொட்டிக்கொண்டிருந்த வர்ஜீனியா, 2019 டிசம்பரில் சுமார் 370 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது: சிஎஸ்எக்ஸ் சரக்கு ரயில் நிறுவனத்திடமிருந்து பாதை நிலத்தையும் தண்டவாளத்தையும் வாங்குவது, போட்டோமாக் ஆற்றின்மேல் பயணிகள் ரயிலுக்கென்று புதிய பாலம் கட்டுவது. 2021 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலில் வலித்தாலும், தண்டவாளம் கையில் இருக்கும் மாநிலம் அடுத்த ரயிலுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. முடிந்த மாநிலங்களெல்லாம் இந்த வழியில் போக வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

## 5. ஆண்டுச் செலவுக்கு வழி செய்யுங்கள். கட்டுமானம் அதற்குப் பிறகு

ஒஹாயோவின் கதையை ஒவ்வொரு புதியவரும் படிக்க வேண்டும். கிளீவ்லாந்து – கொலம்பஸ் – டேட்டன் – சின்சினாட்டி ரயிலுக்கு 2010 ஜனவரியில் ஃபெடரல் அரசு 40 கோடி டாலர் தந்தது. கட்டுமானத்துக்கு மாநிலம் ஒரு டாலர்கூடப் போட வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி டாலர் நடத்தும் செலவு மாநிலத்தின் தலையில் விழும் என்ற மதிப்பீடும், மணிக்கு 39 மைல் என்ற சராசரி வேகமும் தேர்தல் பேச்சாயின. பின்னர் கால அட்டவணையைத் திருத்தி வேகத்தைக் கூட்டிக் காட்டியும், 39 என்ற எண் மக்கள் மனதை விட்டுப் போகவில்லை. புதிய ஆளுநர் திட்டத்தை மறுத்தார். டிசம்பரில் பணம் திரும்பிப் போனது. அதே மாதம் விஸ்கான்சினும் மேடிசன் ரயிலுக்கு வந்த சுமார் 81 கோடி டாலரை இழந்தது.

இதிலிருந்து செய்ய வேண்டியவை இரண்டு. அரைகுறையான பயண நேரத்தை வெளியே விடாதீர்கள். கட்டுமான நிதி அறிவிப்புக்கு முன்பே, ஆண்டுச் செலவு எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதைச் சட்டமாக்கிவிடுங்கள்.

நடத்தும் செலவுக்கு ஃபெடரல் உதவி உண்டு. மீட்பு மற்றும் மேம்பாட்டு மானியம் என்று அதற்குப் பெயர். கட்டண வருவாய் போக மிஞ்சும் பற்றாக்குறையில் முதல் ஆண்டு 90, இரண்டாம் ஆண்டு 80, பிறகு 70, 50, 30, ஆறாம் ஆண்டு 10 சதவீதம் வரை கிடைக்கலாம். போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும்.

பற்றாக்குறை ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் பங்கு 10 லட்சம், 20, 30, 50, 70, 90 லட்சம் என்று ஏறும். ஆறு ஆண்டுகளில் மொத்தம் 2.7 கோடி. ஏழாம் ஆண்டிலிருந்து முழு ஒரு கோடியும் மாநிலத்துடையது. சட்டமன்றத்தில் முதல் ஆண்டின் 10 லட்சத்தை மட்டும் காட்டி ஒப்புதல் வாங்குவது பலருக்குச் சுலபமாகத் தெரிகிறது. நான்காம் ஆண்டில் அது ஐந்து மடங்காகி நிற்கும்போது ஏமாற்றப்பட்டதாக உறுப்பினர்கள் நினைப்பார்கள், அவர்கள் நினைப்பதில் நியாயமும் உண்டு. ஏழு ஆண்டுக் கணக்கை ஒரே பக்கத்தில் காட்டுங்கள்.

தனி நிதியம் இருந்தால் பாதுகாப்பு கூடும். வர்ஜீனியா 2011-இலேயே நகரத்துக்கு நகரம் ஓடும் ரயிலுக்கென்று, நடத்தும் செலவுக்கும் கட்டுமானத்துக்கும் சேர்த்து ஒரு நிதியத்தை உருவாக்கியது. கொலராடோ 2024-இல் வாடகைக் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 டாலர் வரை கட்டணம் வாங்கச் சட்டம் செய்தது. பொது நிதியிலிருந்து ஆண்டுதோறும் கேட்டு வாங்கும் ரயிலுக்கு எந்த பட்ஜெட்டிலும் ஆபத்து வரலாம். இண்டியானா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டாலரை நிறுத்தியதும், இண்டியானாபோலிஸ் – சிகாகோ ஹூசியர் ஸ்டேட் ரயில் 2019 ஜூன் 30-உடன் நின்றது.

## 6. ஃபெடரல் வரிசையில் இடம் பிடியுங்கள்

2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம், தட அடையாள மற்றும் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2023 டிசம்பரில் 69 தடங்கள் தேர்வாயின. ஒஹாயோவின் அதே பழைய தடமும் அதில் இருக்கிறது.

இதில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் 5 லட்சம் டாலர் வரை, மாநிலப் பங்கு இல்லாமல். வேலையின் எல்லை, காலம், செலவு மூன்றையும் வரையறுப்பதற்கு. இரண்டாம் கட்டத்தில் சேவை மேம்பாட்டுத் திட்டம் தயாராகும். மாநிலப் பங்கு 10 சதவீதம். மூன்றாவதில் முதற்கட்டப் பொறியியலும் சுற்றுச்சூழல் ஆய்வும். மாநிலப் பங்கு 20 சதவீதம்.

முதல் கட்டத்துக்குப் பங்கு கேட்பதில்லை என்பதால் இரண்டாம் கட்டத்துக்கான 10 சதவீதத்தை பட்ஜெட்டில் வைக்க மறந்துவிடுகிறார்கள். மாநில பட்ஜெட் சில இடங்களில் இரண்டாண்டுக்கு ஒருமுறைதான். முதல் கட்டம் முடியும் மாதத்தையும் பட்ஜெட் மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

## 7. கட்டுமானப் பணம்

ஃபெடரல் – மாநிலக் கூட்டு நிதி பெரிய வேலைகளுக்கு. பொதுவாகக் கிரிசி என்று அழைக்கப்படும் நிதி சைடிங், சிக்னல், நிலையம் போன்ற நடுத்தர வேலைகளுக்கு ஏற்றது. இரண்டிலும் ஃபெடரல் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டாது. லெவல் கிராசிங்குகளுக்குத் தனி நிதி உண்டு. உள்கட்டமைப்புச் சட்டத்தின் ஐந்தாண்டு ஒதுக்கீடு 2026 செப்டம்பரோடு முடிகிறது. அதற்குப் பிந்தைய எதையும் உறுதியான வரவாக எழுதாதீர்கள்.

அறிவிப்பு வந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. அறிவிப்புக்குப் பிறகு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகப் பல மாதங்கள் போகும், சில சமயம் ஆண்டுகள். முன் அனுமதி இல்லாமல் அந்த இடைவெளியில் செய்த செலவு திரும்பக் கிடைக்காது. கையெழுத்தான பிறகும், மாநிலம் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்டு வாங்குவதுதான் நடைமுறை. கையிருப்பு தேவை.

ஒதுக்கிய மாநிலப் பணமும் நிலையானதல்ல. மினியாபோலிஸ் – டுலூத் ரயிலுக்கு மினசோட்டா 2023-இல் 19 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2025-இல் அதிலிருந்து 7.7 கோடியை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டது. ஒதுக்கீடு வந்த உடனே அதை ஒப்பந்தங்களில் கட்டிப்போடுங்கள். சும்மா கிடக்கும் பணத்தின் மேல் எல்லோர் கண்ணும் இருக்கும்.

## 8. பெட்டிகள், நிலையங்கள், வண்டி இரவில் நிற்கும் இடம்

ஆம்ட்ராக்கிடம் உபரிப் பெட்டிகள் இல்லை. புதிதாக ஆர்டர் செய்தால் ஆண்டுக்கணக்கில் ஆகும். 2025 மார்ச்சில் துருப்பிடிப்பு காரணமாக ஆம்ட்ராக்கின் ஹொரைசன் வகைப் பெட்டிகள் அத்தனையும் விலக்கப்பட்டபோது பொரியாலிஸுக்கு வேறு பெட்டிகள் தேட வேண்டியிருந்தது. எந்தப் பெட்டி, யாருடையது, பழுதானால் மாற்று எது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நடைமேடை, மாற்றுத்திறனாளிகளுக்கான சட்ட விதிகளுக்குப் பொருந்த வேண்டும். சரக்கு வண்டியும் அதே பாதையில் போகுமானால் நடைமேடையின் உயரத்துக்குக் கட்டுப்பாடு வரும். நிலையத்தை நகரம் கட்டும், மாநிலம் கட்டும் என்று ஒருவரையொருவர் கைகாட்டாதபடி பராமரிப்புச் செலவையும் சேர்த்துப் பங்கிடுங்கள்.

கடைசி நிலையத்தில் வண்டி இரவில் எங்கே நிற்கும்? முதன்மைப் பாதையில் நிற்க விடமாட்டார்கள். மொபீலில் துறைமுகத்தின் சரக்கு வேலைக்கு இடையூறு வரும் என்ற வாதம் எழுந்ததால், வண்டி ஒதுங்கி நிற்கத் தனிப் பாதை போட வேண்டியதாயிற்று. நிலம் சிறியதுதான், ஆனால் அது இல்லாமல் கால அட்டவணையே இல்லை. நான்காம் படியின் பேச்சிலேயே இதையும் சேர்த்துவிடுங்கள்.

## 9. ஓடத் தொடங்கிய முதல் மாதங்கள்

ஃபெடரல் அளவுகோலின்படி ஒரு தடத்தில் 80 சதவீதப் பயணிகளாவது நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் அதற்குக் கீழே போனால் தரைப் போக்குவரத்து வாரியம் விசாரிக்கலாம். அதற்குச் சான்று வேண்டும். நடத்துநர்கள் எழுதும் தாமத அறிக்கைகளை முதல் மாதத்திலிருந்தே ஆம்ட்ராக்கிடம் கேட்டு வாங்கி, எந்தத் துண்டில், எந்தக் காரணத்தால், எத்தனை நிமிடம் என்று அட்டவணைப்படுத்துங்கள்.

அந்த அட்டவணையை மாதத்துக்கு ஒருமுறை தண்டவாளச் சொந்தக்காரரின் கால அட்டவணைப் பிரிவுடன் உட்கார்ந்து பாருங்கள். ஒரே சைடிங்கில் திரும்பத் திரும்ப வண்டி காத்திருந்தால், அடுத்த கிரிசி மனுவில் கேட்க வேண்டிய வேலை அதுதான். அந்த எண்களோடு போகும் மனுவில், பாதையின் சொந்தக்காரரும் பெரும்பாலும் ஆதரவுக் கடிதம் வைப்பார்.